வேலையின் பெயரால் மனிதக் கடத்தல்: உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

மனிதக் கடத்தல் என்றதும் எல்லை தாண்டிய பயணமும் பூட்டிய அறையும் பலரின் நினைவுக்கு வருகின்றன. கனடியச் சட்டத்தின்படி இக்குற்றத்திற்கு அவை இரண்டுமே தேவையில்லை. ஒருவரைச் சுரண்டும் நோக்குடன் வேலைக்குச் சேர்ப்பதும், தங்கவைப்பதும், அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் குற்றவியற் கோவையின் 279.01 ஆம் பிரிவின் கீழ்த் தண்டனைக்குரியவை. பாதிக்கப்பட்டவர் முன்னர் சம்மதித்திருந்தாலும் அச்சம்மதம் செல்லாது.

வீட்டுப் பணி, உணவகம், பண்ணை, துப்புரவுத் தொழில் போன்றவற்றில் இருப்போரை மூன்று கட்டுகள் பிணைத்து வைக்கின்றன. அவை மூன்றையும் சட்டம் அவிழ்க்கிறது.

கடன்
"உன்னை வரவழைத்த செலவை உழைத்துத் தீர்த்துவிட்டுப் போ" என்று கூறிச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வர். ஒன்ராறியோவில், வேலை பெற்றுத் தரும் முகவர் வெளிநாட்டுப் பணியாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் அறவிடுவது சட்டவிரோதமானது. அறவிட்ட பணத்தை மீளப் பெறத் தொழில் அமைச்சிடம் முறையிடலாம்.

ஆவணம்
"பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லியும் உங்கள் கடவுச்சீட்டையோ வேலை அனுமதிப்பத்திரத்தையோ தொழில் வழங்குநரும் முகவரும் வாங்கி வைத்திருக்க முடியாது.

அச்சம்
"வெளியில் சொன்னால் நாடு கடத்திவிடுவார்கள்" என்பதே மிக வலிய கட்டு. கடத்தலுக்கு உள்ளானோர் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் அனுமதி 180 நாள்கள் வரை வழங்கப்படலாம். அதற்குக் கட்டணம் இல்லை. குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியம் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒரே தொழில் வழங்குநருக்கு உரிய அனுமதியில் இருப்பவர் துன்புறுத்தப்பட்டால், வேறிடத்தில் பணிபுரியத் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்றே செய்யக்கூடியவை
• கடவுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் படிகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.
• வேலை செய்த மணித்தியாலங்களையும் பெற்ற சம்பளத்தையும் நாள்தோறும் குறித்து வையுங்கள்.
• உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கைத் திறந்து, அதன் அட்டையை நீங்களே வைத்திருங்கள்.
• விளங்காத மொழியில் உள்ள எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாதீர்கள்.
• உதவி கோரும்போது தொழில் வழங்குநர் தந்த தொலைபேசியைத் தவிருங்கள்.

அயலில் வசிப்போர் கவனிக்க வேண்டியவை
ஒரு வீட்டுப் பணியாளர் தனியே வெளியில் வருவதில்லை. அவரிடம் கேட்கும் கேள்விகளுக்கு எப்போதும் பிறரே விடை சொல்கின்றனர். தாம் இருக்கும் முகவரியைக்கூட அவர் அறியார். இத்தகையவற்றைக் கண்டால் வீட்டாரிடம் நேரில் வினவாதீர்கள். அது அவருக்கே ஆபத்தாக முடியலாம். கீழ்க்காணும் இலக்கத்தை அழையுங்கள்.

உதவிக்கு
உடனடி ஆபத்து: 911
கனடிய மனிதக் கடத்தல் உதவி இணைப்பு: 1-833-900-1010
இச்சேவை 24 மணிநேரமும் இலவசமாக இயங்குகிறது. அழைப்பு இரகசியமாகப் பேணப்படும். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் "தமிழ்" என்று ஆங்கிலத்தில் கூறினால் போதும். உங்கள் குடிவரவு நிலை எதுவாயினும் அழைக்கலாம்.
சம்பளம், முகவர் கட்டணம் தொடர்பான முறைப்பாடுகள், ஒன்ராறியோ தொழில் நியமங்கள் தகவல் நிலையம்: 1-800-531-5551