பலகையும் பசையும்

புதிய கட்டிலோ அலமாரியோ வீட்டிற்குள் வந்தவுடன் அறையெங்கும் ஒரு வாசனை பரவுகின்றது. புதுச் சாமானின் மணம் என்று அதனைக் கண்டு மகிழ்வாரும் உண்டு. நாமும் ஒருமுறை அவ்வாறே மகிழ்ந்தோம். டில்லியில் மார்கழிக் குளிரில் நம் வீட்டுக் குழந்தைகளின் அறைக்குப் புதுக் கட்டிலும் துணி அலமாரியும் வந்து சேர்ந்தன. சன்னல்களை அடைத்து, மின்கணப்பை எரியவிட்டு, அன்றிரவே குழந்தைகளை அங்கு உறங்கச் செய்தோம். மூன்றாம் நாள் இளைய குழந்தைக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது, தொண்டையும் கரகரத்தது. சளி என்றெண்ணிக் கஷாயம் கொடுத்தோம். பகலில் பள்ளியில் இருக்கும்போது குணமாயிருப்பதும், இரவில் அறைக்குள் வந்ததும் எரிச்சல் மீள்வதுமாக ஒரு வாரம் கழிந்தது. மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "அந்த அறைக்குப் புதிதாக என்ன வந்தது?" என்பதாகும். சன்னல்களைத் திறந்து, படுக்கையைக் கூடத்திற்கு மாற்றிய பின்னரே குழந்தைக்குச் சுகம் உண்டாயிற்று.

அன்றுதொட்டு நாம் அறிய முயன்றது இதுதான்: காய்ந்து இறுகிய பலகையிலிருந்து வெளிப்படும் அந்த ஆவி யாது? அதனைக் குறைக்க வழி உண்டா?

முற்காலத் தச்சர்கள் துளையில் கழுந்தைச் செருகி மரத்தை மரத்தோடு பிணைத்தார்கள். பசை வேண்டிய இடத்தில், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சூடாக இளக்கிப் பூசினார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு கரண்டிப் பசை போதும். இன்றைய சாமான்களோ பெரும்பாலும் முழு மரத்தால் ஆனவை அல்ல. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். மரச்சீவலை அழுத்திச் செய்தது துகள்பலகை. மரத்தை நாராக்கி அழுத்தியது எம்.டி.எஃப். வீட்டுத் தரையில் பதிக்கும் லாமினேட் பலகையின் உள்ளீடும் இத்தகைய நார்ப்பலகையே. துகள்பலகையில் நூறு கிலோ மரத்திற்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்துக் கிலோ வரை பிசின் சேருகின்றது. ஆகவே நம் கட்டிலில் மரத்தோடு கணிசமான பசையையும் வாங்கி வருகின்றோம்.

நம் நாட்டில் ஒட்டுப்பலகைத் தொழில் அஸ்ஸாமின் தேயிலைப் பெட்டிகளோடு வளர்ந்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோரித் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று மரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. வடகிழக்கின் ஆலைகள் பல மூடப்பட்டன. ஹரியானாவின் யமுனாநகரில் உழவர் வளர்த்த பாப்லரும் யூகலிப்டசும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும் ஆலைகளுக்கு இரையாயின. காடு ஓரளவு பிழைத்தது. ஆனால் காட்டு மரம் குறைந்து தோட்ட மரமும் சீவலும் மிகுந்தபோது, பலகையின் தரம் பசையின் தரத்தைப் பொறுத்ததாயிற்று.

மிகுதியாக வழங்கும் பசை யூரியா–ஃபார்மால்டிஹைட் பிசின் ஆகும். யூரியா என்பது வயலுக்கு இடும் உரமே. ஃபார்மால்டிஹைட் என்பது நிறமற்ற, மூக்கைத் துளைக்கும் வாயு. அது நீரில் கரைந்ததே ஃபார்மலின். பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளைகளை இட்டுவைத்த சீசாவின் நெடியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்விரண்டும் சேர்ந்த பிசின் விலை மலிவானது, விரைவில் இறுகும், நிறமும் காட்டாது. எனினும் இதில் ஒரு குறை உண்டு. இறுகும்போது சேராமல் எஞ்சிய வாயு முதற்சில வாரங்களில் வெளியேறுகின்றது. அதன் பிறகும், ஈரமும் வெப்பமும் படும்போதெல்லாம் பிசினின் பிணைப்புகள் சிறிது சிறிதாக அவிழ்ந்து ஃபார்மால்டிஹைடை மீண்டும் விடுவிக்கின்றன. இது ஆண்டுக்கணக்கில் நிகழக்கூடியது. மும்பையின் மழைக்காலப் புழுக்கமும், டில்லியில் சன்னல் அடைத்துக் கணப்பு மூட்டிய அறையும் இதற்கு உகந்த இடங்கள்.

இவ்வாயு கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் இதனை வகைப்படுத்திற்று. ஒரு கன மீட்டர் அறைக்காற்றில், அரைமணிச் சராசரியாக 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2010இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய வரம்பு. வீட்டில் இருப்போரைக் காட்டிலும் மிகுதியாக இதனைச் சுவாசிப்பவர்கள், சூடான அழுத்து இயந்திரத்தின் முன் நிற்கும் ஆலைத் தொழிலாளர்கள் என்பதையும் மறத்தலாகாது.

இதன் விளைவை உலகம் கண்ட ஓர் இடம் அமெரிக்கா. 2005 ஆகஸ்டில் காத்ரீனா புயலால் வீடிழந்தோர்க்கு அரசாங்கம் சக்கர வீடுகளை அளித்தது. சிறு அறைகள், சுவரும் அலமாரியும் ஒட்டிய பலகைகள், வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரை. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் பற்றி முறையீடுகள் எழுந்தன. 2007 டிசம்பர் முதல் 2008 ஜனவரி வரை 519 சக்கர வீடுகளைச் சோதித்தபோது, நூறு கோடிப் பங்கு காற்றில் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைட் காணப்பட்டது. சில வீடுகளில் 590 பங்கு வரை இருந்தது. சோதித்தது குளிர்காலத்தில் என்பதும் கருதத்தக்கது.

இனி, ஆலைகள் கண்ட பரிகாரங்களைக் காண்போம். முதலாவது, அதே பிசினில் ஃபார்மால்டிஹைடைக் குறைத்தல். முன்னர் யூரியா மூலக்கூறு ஒன்றுக்கு ஒன்றரைக்கு மேற்பட்ட ஃபார்மால்டிஹைட் மூலக்கூறுகள் சேர்த்தார்கள். இன்று ஒன்றை ஒட்டிய அளவே சேர்க்கின்றார்கள். குறைத்தால் வலிமையும் நீர் தாங்கும் திறனும் குறையும். அதனை ஈடுசெய்ய மெலமினைக் கலக்கின்றார்கள். இரண்டாவது, ஃபீனால் பிசின். இதன் பிணைப்பு உறுதியானது. நீரில் எளிதில் அவிழாது. ஆவியும் மிகக் குறைவு. ஆனால் விலை கூடும். பசைக்கோடு கறுஞ்சிவப்பாகத் தெரியும். மூன்றாவது, ஐசோசயனேட் பசை. இதில் ஃபார்மால்டிஹைட் சேர்வதே இல்லை. எனினும் இறுகுமுன் இது தொழிலாளரின் நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே ஆலையில் மிக்க எச்சரிக்கை வேண்டும்.

நான்காவது வழி கடற்கரையில் பிறந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கைசாங் லீ, அலைகள் ஓயாது மோதியும் பாறையைவிட்டு நீங்காத சிப்பிகளைக் கண்டார். அவை சுரக்கும் புரதமே அந்தப் பிடிப்புக்குக் காரணம். அதனைப் பின்பற்றி, சோயா மாவின் புரதத்தைத் திருத்தி நீர் தாங்கும் பசையொன்றை அவர் உருவாக்கினார். 2007இல் அமெரிக்க ஜனாதிபதியின் பசுமை வேதியியல் விருது இம்முயற்சிக்குக் கிடைத்தது.

சட்டங்களும் உடன் வந்தன. கலிபோர்னியா 2007இல் இயற்றி 2009 முதல் நடப்பிற்குக் கொணர்ந்த விதியின் இரண்டாம் கட்டம், சோதனை அறையில் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு ஒட்டுப்பலகையில் 0.05, துகள்பலகையில் 0.09, எம்.டி.எஃப்.இல் 0.11 பங்கு என வரம்பிட்டது. ஐரோப்பாவின் 'ஈ-1' வகுப்பின் வரம்பு ஏறத்தாழ 0.1 பங்கு. ஜப்பான் 2003 முதல் நட்சத்திரக் குறியிடுகின்றது. நான்கு நட்சத்திரம் உள்ளதே மிகக் குறைவாக ஆவி விடுவது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தோன்றுகின்றது. பலகையின் சீட்டில் "ஃபார்மால்டிஹைட் சேர்க்கப்படாதது" என்று எழுதியிருப்பின், "ஃபார்மால்டிஹைட் இல்லாதது" என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. மரமே இயல்பாகச் சிறிதளவு அவ்வாயுவை விடுகின்றது. "குறைந்த ஆவி" என்றால் எந்த வரம்பிற்குக் குறைவு என்று கேட்டறிய வேண்டும். நம் கடைகளில் எம்.ஆர். என்றும் பி.டபிள்யூ.ஆர். என்றும் எழுதப்படுவன, நீரைத் தாங்கும் திறனைச் சொல்லுவனவே அன்றி ஆவியின் அளவைச் சொல்லுவன அல்ல. ஆயினும் முன்னது பெரும்பாலும் யூரியா பிசின், பின்னது ஃபீனால் பிசின் என்று அறிந்தால் ஒருவாறு ஊகிக்கலாம்.

வேற்றூரில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர் செய்யத்தக்கவை சில. வாங்குமுன் பலகையின் தரக்குறியையும் 'ஈ-1' போன்ற வகுப்பையும் கேளுங்கள். கீர்த்தி நகரின் கடையாயினும் உள்ளூர்த் தச்சராயினும் கேட்பதில் கூச்சம் வேண்டா. தச்சர் பூசும் வெள்ளைப் பசை பெரும்பாலும் வேறு இனத்தது. ஐயம் கொள்ளவேண்டியது பலகையின் மீதே. வெட்டிய விளிம்புகளிலிருந்தே ஆவி மிகுதியாகக் கசிவதால், கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பட்டையிட்டு மூடச் சொல்லுங்கள். புதுச் சாமானைச் சில வாரங்கள் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கைக்குழந்தையை அவ்வறையில் படுக்கவைக்காதீர்கள். நெடி மறைந்தது என்று அமைதி கொள்ளாதீர்கள், மூக்கு பழகிவிடும். மிஞ்சிய பலகைத் துண்டுகளை அடுப்பிலோ அங்கீட்டியிலோ எரிக்கலாகாது.

நம் வீட்டு அலமாரி இன்றும் இருக்கின்றது. அதன் விளிம்புகளைப் பட்டையிட்டு மூடிவிட்டோம். மார்கழியிலும் அவ்வறைச் சன்னலில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுவைக்கின்றோம். குளிர் சற்று உள்ளே வருகின்றது. குழந்தைக்கு ஒரு போர்வை கூடுதலாகத் தருகின்றோம்.