குட்டிக்கு முதலில் எச்சில் ஊறட்டும்!

‘விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பெரிய ஆடுகளும் குட்டியும் சேர்ந்து தின்றன. பெரிய ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டி மட்டும் வயிறு உப்பி மறுநாள் செத்துவிட்டது. ஏன்?’ - சாத்தூர் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது.

காரணம், குட்டியின் எச்சிலில் இருக்கிறது. வளர்ந்த செம்மறியாடு ஒரு நாளைக்கு 6 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். சமையல் சோடாவில் உள்ள அதே உப்பு அதிலும் உண்டு. தீவனம் முதல் வயிற்றில் புளிக்கும்போது உண்டாகும் அமிலத்தை அதுதான் முறிக்கிறது. அதற்கும் ஓர் அளவு உண்டு. சோறு அதிகமானால் பெரிய ஆடும் தாங்காது.

பிறந்த குட்டிக்கு, காதுக்குக் கீழே உள்ள எச்சில் சுரப்பி சிறிதாகவே இருக்கும். குடிக்கும் பால் முதல் வயிற்றில் தங்காமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடுவதால், அப்போது அவ்வளவு எச்சில் தேவையும் இல்லை. தழையை மென்று அசைபோடப் பழகும்போதுதான் சுரப்பி பெருக்கும். பால் மட்டுமே குடித்த குட்டிகளைவிட, மேய்ந்து வளர்ந்த குட்டிகளுக்குச் சுரப்பி பெரிதாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சோற்றை மெல்ல வேண்டியதில்லை. அதனால் எச்சில் ஊறாது. அமிலம் மட்டும் பெருகும்.

பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் வீடுகளில், கட்டிப்போட்ட குட்டிக்கு மிச்சச் சோற்றை வைத்துவிட்டுப் போவது வழக்கம். வேம்பூர் செம்மறியோ, வெள்ளாடோ, எதுவானாலும் இதைத் தவிருங்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க விடுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து அகத்தி, வேலிமசால், சவுண்டல் போன்ற இளந்தழைகளைக் குட்டிக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்திலேயே நல்ல தண்ணீரும் தாது உப்புக் கட்டியும் இருக்கட்டும். எச்சில் சுரக்க உப்பு வேண்டும். அடர்தீவனத்தை ஒரு கைப்பிடியில் தொடங்கி, மெதுவாகக் கூட்டுங்கள். மூன்று மாதம் ஆனதும் பாலை மறக்கடிக்கலாம்.

சோறு தின்ற ஆடு அசைபோடாமல் சோர்ந்து, வயிறு உப்பிக் கழிந்தால் நாள் கடத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அல்லது 1962 எண்ணுக்கு அழையுங்கள். மிச்சச் சோற்றை உரக்குழியில் போட்டால் எருவாவது மிஞ்சும்.