அணாக் கணக்கும் கணிப்பொறியும்

கொல்கத்தாவின் வடபுறத்தே பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1955ஆம் ஆண்டில் எச்.இ.சி.–2எம் என்னும் மின்னணுக் கணிப்பொறி நிறுவப்பெற்றது. இந்தியாவில் அமைந்த முதல் எண்முறைக் கணிப்பொறி இதுவே. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களைத் தொகுப்பதிலும் பேராசிரியர் மகலநோபிசின் இக்கழகம் பெரும்பங்கு வகித்தது. அந்நாளில் நாட்டில் வழங்கிய நாணயக் கணக்கு ரூபாய், அணா, பை என்பதாகும். 12 பை ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. நாணய மாற்றில் 6 எனவே கொள்ளப்பட்டது. ஓர் அணாச் செலவுகள் பதினாறைத் தனித்தனியே மாற்றிப் பின் கூட்டினால் 96 பைசாவே கிடைக்கும். ரூபாய்க்கு 4 பைசா மறைந்துவிடும். பழைய களக் கணக்குகளை இன்று கணிப்பொறியில் ஏற்றுவோரும் இப்பிழைக்கு ஆளாகலாம்.

சாதாரணப் பின்ன எண்களாகப் பதிந்தாலும் இடர் முற்றும் நீங்குவதில்லை. கணிப்பொறியின் வழக்கமான பின்ன எண்கள் இரண்டடிமானத்தில் அமைந்தவை. அணாவாகிய 1/16 அதில் பிழையின்றி அடங்கும். 1/192 ஆகிய பை அடங்காது, ஏனெனில் 192இல் 3 ஒரு காரணியாக உள்ளது. வியப்பிற்குரியது யாதெனில், 10 பைசாவாகிய 1/10 கூட அதில் சரியாக அடங்குவதில்லை.

இதற்குப் பரிகாரம், பணத்திற்கென ஒரு புதிய எண் வகுப்பை உண்டாக்குவதாகும். மதிப்பையும் அதனைக் கையாளும் விதிகளையும் ஒருங்கே பிணைப்பதே வகுப்பு. இக்கருத்தை ஆஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்னும் இருவர் சிமுலா 67 என்ற மொழியில் அமைத்தனர். இன்றைய பைத்தான், சி++ முதலிய மொழிகளில், கூட்டல் குறி ஒரு வகுப்பினிடத்து எவ்வாறு செயற்பட வேண்டும் என்பதை நிரல் எழுதுவோரே விதிக்கலாம்.

பண வகுப்பு உள்ளே ஒரே முழு எண்ணை, அதாவது மொத்தப் பைகளை மட்டும் வைத்திருக்கும். உதாரணமாக, 2 ரூபாய் 13 அணா 9 பை என்பது 549 பை. 1 ரூபாய் 7 அணா 8 பை என்பது 284 பை. கூடுதல் 833. இதனை 192ஆல் வகுக்க ஈவு 4 ரூபாய், மீதி 65. அதனை 12ஆல் வகுக்க 5 அணா, 5 பை.

இனி விதிகளைக் காண்போம். பணத்தைப் பணத்தோடு கூட்டலாம். ஓர் எண்ணால் பெருக்கலாம். பணத்தைப் பணத்தால் பெருக்குவதும், மணங்கு எடையோடு கூட்டுவதும் பொருளற்றவை. வகுப்பு அவற்றை மறுத்தல் வேண்டும். பங்கிடும்போது எஞ்சும் பையையும் அது தெரிவிக்க வேண்டும். கடனில் தனிக் கவனம் தேவை. பைத்தான் மொழியில் –1 பையை 192ஆல் வகுத்தால் ஈவு –1, மீதி 191 என வரும். ஒரு பைக் கடன் ‘–1 ரூபாய் 15 அணா 11 பை’ எனத் தோன்றும். ஆதலால் குறியைத் தனியே பிரித்த பின்னரே வகுத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு நல்ல பயிற்சியாக அளிக்கலாம். களப்பணியாளர் கொள்ளத்தக்க விதி ஒன்றே: எந்த அலகில் எழுதப்பட்டதோ அந்த அலகிலேயே கூட்டுக, மாற்றத்தை இறுதியில் ஒருமுறை மட்டும் செய்க.