கிளோட் காஹூனின் தன்னுருவ ஒட்டுச்சித்திரங்கள்

கிளோட் காஹூனின் தன்னுருவ ஒட்டுச்சித்திரங்கள் என்பவை, பிரெஞ்சு எழுத்தாளரும் ஒளிப்படக் கலைஞருமான கிளோட் காஹூனின் (1894–1954) ஒளிப்படங்களை வெட்டி ஒட்டி அமைக்கப்பட்ட பத்துப் படங்கள் ஆகும். இவை 1930 இல் பாரிசில் வெளியான ‘அவு நோன் அவ்னு’ என்ற நூலில் இடம்பெற்றன. ‘செல்லாத வாக்குமூலங்கள்’ என்று இத்தலைப்பை ஏறத்தாழப் பொருள்படுத்தலாம். பாலினம், இனம் ஆகியவை பற்றிய வார்ப்புப் படிமங்களைக் கேள்விக்குள்ளாக்கிய முன்னோடி ஆக்கங்களாக இவை இன்று கருதப்படுகின்றன.

பின்னணி

காஹூன் பிரான்சின் நாந்த் நகரில் 1894 அக்டோபர் 25 அன்று பிறந்தார். இயற்பெயர் லூசி ஷ்வோப். தந்தை யூத வழியினர், நாளிதழ் நடத்தியவர். யூதப் படை அதிகாரியான டிரைஃபஸ் பொய்க் குற்றச்சாட்டில் கைதானதும் அதே மாதத்தில்தான். அவ்வழக்கு கிளப்பிய யூத வெறுப்புச் சூழலில் லூசியின் பள்ளிப்பருவம் கழிந்தது. பின்னர் அவர் தம் தந்தைவழிப் பாட்டியின் குடும்பப் பெயரான காஹூனை ஏற்றார். அது ஷ்வோப் என்பதைவிட வெளிப்படையான யூதப் பெயர். ‘கிளோட்’ பிரெஞ்சு மொழியில் ஆண், பெண் இருவருக்கும் இடப்படும் பெயர். ஆகவே இப்புனைபெயர் ஒரு அடையாளத்தை மறைக்காமல் முன்வைத்தது. மற்றொன்றை முடிவு செய்யாமல் விட்டது.

இவரது வாழ்க்கைத் துணையும் கலைத்துணையுமான சுசான் மலேர்ப், மார்செல் மூர் என்ற ஆண்பெயரில் ஓவியராக இயங்கினார்.

மூல ஒளிப்படங்கள்

1910களிலிருந்து காஹூன் தம்மைப் பல வேடங்களில் படமெடுத்து வந்தார். 1920 அளவில் எடுத்த படம் ஒன்றில் தலையை மழித்து, பக்கவாட்டில் திரும்பி, மூக்கின் வடிவம் தெளிவாகத் தெரியும்படி அமர்ந்துள்ளார். யூதர்களைக் கேலிச்சித்திரம் வரைந்தவர்கள் எப்போதும் மிகைப்படுத்திய உறுப்பு அது. 1927 இல் எடுத்த படத்தில் பளுதூக்கும் வீரராக வேடமிட்டுள்ளார். ஆனால் கன்னங்களில் இதய வடிவம் வரைந்து, உதடுகளைப் பொம்மைபோல் குவித்துள்ளார். 1929 இல் மேடையேறிய ‘நீலத்தாடி’ நாடகத்தில் அவர் ஏற்ற மனைவி பாத்திரத்துக்குப் பெயரே இல்லை. ‘அவள்’ என்று மட்டுமே அழைக்கப்பட்டது.

ஒட்டுச்சித்திரங்களின் அமைப்பு

நூலுக்கான படங்களில் இத்தகைய பழைய ஒளிப்படங்களே மூலப்பொருளாயின. கண், உதடு, கை, கால், மழித்த தலை ஆகியவை தனித்தனியே வெட்டியெடுக்கப்பட்டு, அளவு மாற்றி, கறுப்புப் பின்னணியில் ஒட்டப்பட்டன. ஒரு படத்தில் ஒரே கழுத்திலிருந்து பல முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முளைக்கின்றன; முகமூடிகளைப் பற்றிய கையெழுத்து வரி அவற்றைச் சூழ்ந்திருக்கிறது. அவற்றுள் எது உண்மையான காஹூன் என்பதற்கு அப்படத்தில் விடை இல்லை.

இங்கு ஒட்டுமுறை வெறும் உத்தி அன்று. தனி ஒளிப்படம் ஒன்று, “இவர் இப்படித்தான்” என்ற நம்பிக்கையை எளிதில் ஏற்படுத்துகிறது. ஒட்டுச்சித்திரத்திலோ வெட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரிவதால், உருவம் யாரோ கூட்டிச் சேர்த்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. ‘பெண்’ அல்லது ‘யூதர்’ என்ற வார்ப்புப் படிமமும் மூக்கு, உதடு, உடை, நடை எனச் சில துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததே. அதன் ஒட்டு மட்டும் வெளியே தெரிவதில்லை. காஹூன் அந்த ஒட்டை வெளிக்காட்டினார். ஒரு பொய் உருவத்துக்கு மாற்றாகத் தம் ‘மெய்யான’ உருவம் ஒன்றை அவர் நிறுவவும் இல்லை.

யாருடைய தன்னுருவம்?

காஹூனின் திட்டப்படி படங்களை அமைத்தவர் மூர் என்று நூலே குறிப்பிடுகிறது. மூல ஒளிப்படங்கள் பலவற்றையும் மூரே எடுத்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. அதனால் இவற்றை இருவரின் கூட்டு ஆக்கமாகக் காணும் போக்கு வலுப்பெற்றுள்ளது. தன்னுருவம் என்பது ஒருவர் தனித்துச் செய்வது என்ற எண்ணத்தையும் இவை அசைக்கின்றன.

ஜெர்சித் தீவில்

1937 இல் இருவரும் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவில் குடியேறினர். 1940 இல் செர்மன் படை தீவைக் கைப்பற்றியது. பின்னர் இருவரும் போரெதிர்ப்புத் துண்டறிக்கைகளைச் செர்மன் மொழியில் தட்டச்சு செய்து, ‘பெயரற்ற படைவீரன்’ என்ற கையொப்பத்துடன் வீரர்களின் சட்டைப்பைகளிலும் பிற இடங்களிலும் மறைத்து வைத்தனர். இம்முறை எதிரியின் வேடமே அவர்களுக்குப் பயன்பட்டது. அதிருப்தியுற்ற செர்மன் வீரர்கள் சிலர் இதைச் செய்வதாகத் தோன்றச் செய்வதே நோக்கம். 1944 சூலையில் கைதாகி, நவம்பரில் மரண தண்டனை பெற்றனர். தண்டனை நிறைவேற்றப்படவில்லை; 1945 மே மாதம் விடுதலையாயினர். வீட்டிலிருந்த ஆக்கங்களில் பல அழிக்கப்பட்டன.

பிற்கால மதிப்பீடு

காஹூன் 1954 இல் ஜெர்சியில் இறந்தார். மூர் 1972 வரை வாழ்ந்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த காஹூன், 1992 இல் பிரான்சுவா லெபெர்லியே எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பின் பரவலாக அறியப்பட்டார். எஞ்சிய படங்களில் பெருந்தொகுதி ஜெர்சி மரபுரிமை அமைப்பிடம் உள்ளது. ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றில் அடங்க மறுத்தவர் என்பதால் இவரை எந்தப் பாற்சொல்லால் குறிப்பது என்பது ஆங்கில, பிரெஞ்சு ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதத்துக்குரியது. தமிழில் ‘அவர்’ என்ற சொல் இச்சிக்கலை எழுப்புவதில்லை.