'ஜெட் பிளாக்': உச்ச நிறச்சொல்லின் பொருளும் பெயர்ப்பும்

ஆங்கிலத்தில் கருமையின் மிகுதியைச் சுட்டும் 'பிளாக்கஸ்ட்', 'ஜெட் பிளாக்' ஆகிய இரண்டையும் 'மிகக் கரிய' என ஒரே தொடரால் பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆயின் அவற்றின் தோற்றமும் பொருளும் வேறு. அவ்வேறுபாட்டை விளக்கித் தமிழில் ஏற்ற நிகரன்களைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பிளாக்கஸ்ட்' என்பதில் உள்ள 'எஸ்ட்' உச்ச ஒப்பீட்டு விகுதியாகும். வடமொழியின் 'இஷ்ட' இதற்கு இனமானது. 'கனிஷ்ட', 'சிரேஷ்ட' முதலிய கடன்சொற்களில் அதனைத் தமிழிலும் காணலாம். இவ்விகுதி ஒரு தொகுதியினின்று ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. மூன்று குதிரைகளுள் 'பிளாக்கஸ்ட்' எனப்படுவது ஏனைய இரண்டினும் கரியது. முழுக் கருமை உடையதாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

'ஜெட் பிளாக்' ஒப்பீட்டை வேண்டாதது. 'ஜெட்' என்பது மண்ணில் புதைந்த மரம் நெடுங்காலம் இறுகி உருவான, மெருகேறும் கரும்பொருள். இன்றைய துருக்கியின் தென்பகுதியான பண்டை இலிசியாவில் இருந்த ஓர் ஊர், ஆறு ஆகியவற்றின் பெயரால் கிரேக்கர் இதனைக் 'ககாதேஸ்' என்றனர். இப்பெயர்க்காரணத்தைப் பிளினியும் குறித்துள்ளார். இலத்தீன், பழம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த இச்சொல்லை 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் சேவலின் அலகுக்கு உவமையாக்கினார். 1861இல் இளவரசர் ஆல்பர்ட் மறைந்தபின் விக்டோரியா அரசியார் மேற்கொண்ட துக்கக்கோலத்தால், விட்பி நகரில் செய்யப்பட்ட ஜெட் அணிகள் பெரிதும் பரவின. 'ஜெட்' விமானத்தின் பெயர் 'எறிதல்' பொருள்தரும் பிரெஞ்சு வினையடியிற் பிறந்தது; இரண்டும் வடிவால் மட்டுமே ஒத்தவை.

மூலப்பொருளின் பளபளப்பு இச்சொல்லின் வழக்கிலும் தங்கியுள்ளது. கூந்தலும் குதிரையும் 'ஜெட் பிளாக்' ஆகும். ஒளியற்ற இரவோ, கீலின் பெயரால் அமைந்த 'பிட்ச் பிளாக்' ஆகும்.

திராவிட மொழிகளில் ஒப்பீட்டு விகுதி இல்லை என்பதையும் வேற்றுமையுருபாலேயே ஒப்பீடு அமைகிறது என்பதையும் கால்டுவெல் 1856இல் விளக்கினார். எனவே 'பிளாக்கஸ்ட்' என்பதை 'அவற்றுள் மிகக் கரியது', 'எல்லாவற்றினும் கரியது' எனப் பெயர்க்கலாம். மிகுதியைக் காட்டவோ தமிழில் வேறொரு வழி உண்டு. கன்னங்கரிய, செக்கச்செவேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர் ஆகியவற்றில் முதலொலி மீண்டு வந்து நிறத்தை அழுத்துகிறது. ஆங்கிலம் பொருளைக் காட்டி உணர்த்துவதைத் தமிழ் ஒலியால் உணர்த்துகிறது. 'மிகக் கன்னங்கரிய' என்பது வழக்கன்று; 'ஜெட் பிளாக்' என்பதும் 'வெரி' என்னும் அடையை இயல்பாக ஏற்பதில்லை. அளவின் எல்லையைத் தொட்ட சொற்கள் என்பதால் இவ்விரண்டும் தம்முள் நிகராகின்றன.

எனவே கூந்தலுக்குக் 'கன்னங்கரிய' என்பதும், இரவுக்குக் 'காரிருள்', 'கும்மிருட்டு' என்பனவும் பொருந்தும். தொகுதி சுட்டப்படாதபோது 'எஸ்ட்' விகுதியும் வெறும் மிகுதியையே உணர்த்துவதுண்டு; அங்கும் ஒப்பீட்டுத் தொடரை விடுத்து மிகுதிச்சொல்லைக் கொள்ளலாம். ஆதலின், எவற்றுள் உச்சம் என்னும் வினாவுக்கு மூலத்தில் விடை உண்டா எனக் கண்ட பின்னரே மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தெரிதல் வேண்டும்.