ஓங்கிலுக்கு இன்னொரு நாள்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நெருங்கும்போது ஹட்டனில் வாடகைக்கு வேன் ஓட்டுபவர்களிடம் இப்படி ஒரு கேள்வி வந்து விழும். "அண்ணே, விடியக்காலைல சூரிய உதயம், அப்புறம் அருவி, கோயில். அப்படியே டொல்பினையும் பாத்துட்டு ராவைக்குள்ள வந்துடலாமா?"

"மொத மூனும் சரிங்க. டொல்பின் பாக்கக் கடலுக்கில்ல போகணும்?"

கேட்டவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் இது நடக்கிற காரியம். தீவின் வடகரையில் உள்ள லோவினாவில் இருள் பிரியும் நேரத்தில் படகேறி ஓங்கில்களைப் பார்க்கலாம். டொல்பினுக்குத் தமிழ் மீனவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் ஓங்கில். கரைக்குத் திரும்பி மலைப்பாதையில் ஏறினால் கிட்கிட் அருவி. இன்னும் மேலே போனால் பெராத்தான் ஏரிக்கரையில் நீர்த்தேவதைக்கு எழுப்பிய உலுன் டானு கோயில். கடலும் மலையும் அங்கே ஒட்டிக் கிடக்கின்றன. இலங்கையின் மலைகளோ தீவின் நடுவயிற்றில் இருக்கின்றன. ஓங்கில் கூட்டங்களைப் பார்க்க மேற்கே கற்பிட்டிக்கோ தெற்கே மிரிஸ்ஸவுக்கோ கிழக்கே திருகோணமலைக்கோ போக வேண்டும். மலையகத்திலிருந்து எந்தக் கரைக்கும் ஒரே மூச்சில் போய்த் திரும்ப முடியாது.

ஆனால் ஓட்டுநர் சரியென்று சொன்ன அந்த மூன்றையும் ஒரு பகலுக்குள் பார்த்துவிடலாம். தொடங்க வேண்டியது நள்ளிரவில்.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதை தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சிவனொளிபாதமலையின் அடிவாரம் அது. மலையின் உயரம் 2,243 மீட்டர். உச்சிப்பாறையில் உள்ள சுவடு பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். 1344இல் இபின் பதூதா இங்கே ஏறியதைத் தமது பயணநூலில் எழுதி வைத்திருக்கிறார். டிசம்பர்ப் போயா என்னும் முழுநிலா தினத்தில் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாத வெசாக் போயாவுடன் முடிகிறது. அந்த ஐந்தாறு மாதமும் படிகளின் ஓரமாக இரவு முழுக்க விளக்கு எரியும். தூரத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலிலிருந்து பார்த்தால், யாரோ மலைக்கு முத்துமாலை போட்டதுபோல் வளைந்து வளைந்து மேலே போகும் அந்த ஒளிக்கோடு தெரியும்.

நல்லதண்ணிப் பக்கத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை இதைவிட நீளம். முதல் ஒரு மணி நேரம் பேச்சும் சிரிப்புமாகப் போகிறது. சீதகங்குல ஓடையில் யாத்திரிகர்கள் முகம் கழுவுகிறார்கள். துணிந்தவர்கள் அந்தப் பனிக்குளிரிலும் தலை முழுகுகிறார்கள். அதற்கு மேலே பேச்சு குறைந்து மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. கடைசிப் பகுதி ஏணிபோல் செங்குத்தானது. கைப்பிடிக் கம்பி பனியில் நனைந்து விரலில் ஊசியாய்க் குத்தும். வழிக்கடைகளில் பிளேன்டீயைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார்கள். குடிப்பவர்கள் முதலில் இரண்டு கையாலும் குவளையைப் பொத்திப் பிடித்துச் சூட்டை வாங்கிக்கொள்கிறார்கள். குடிப்பது அப்புறம்தான். எண்பது வயதுப் பாட்டியைப் பேரப்பிள்ளைகள் இரு பக்கமும் தாங்கிக்கொண்டு ஏறுவதையும், விலையுயர்ந்த சப்பாத்து அணிந்த வெளிநாட்டு இளைஞர் படியோரம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்ப்பதையும் ஒரே வளைவில் பார்க்கலாம். போயா நாளில் போனால் உச்சிக்குக் கீழே கூட்டம் நெரிந்து, படியிலேயே விடிந்துவிடும். வார நாளில் போவதே புத்தி.

உச்சியில் எல்லாரும் கிழக்கைப் பார்த்து நிற்கிறார்கள். சூரியன் எழும்போது மேளம் முழங்க, "சாது, சாது" என்று குரல் எழும்புகிறது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்த கையோடு மேற்குப் பக்கம் ஓடிவிடுவார்கள். அங்கே பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல் அளவெடுத்து வெட்டிய முக்கோணமாக விழுந்து கிடக்கும். இதை அற்புதம் என்பவர்கள் உண்டு. தண்டவாளம் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் அதே கண்மயக்குத்தான் இது: நிழல் பல மைல் தூரம் நீள்வதால் அதன் விளிம்புகள் தொலைவில் கூடிக் கூராகத் தெரிகின்றன. உயர்ந்த மலைகள் பலவற்றின் விடிகாலை நிழலும் இப்படித்தான் தெரியும். காரணம் தெரிந்த பிறகும் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி, சற்று நேரத்தில் மலைக்குள்ளேயே ஒடுங்கிவிடும். பிறகு மணியடிக்கும் வரிசை. எத்தனையாவது முறை ஏறினார்களோ அத்தனை முறை அடிப்பது வழக்கம்.

இறங்குவதுதான் கொடுமை. ஏறும்போது இருட்டு மறைத்த ஆழமெல்லாம் இப்போது கண்ணுக்குத் தெரியும்; தொடை நடுங்கும்.

நல்லதண்ணியிலிருந்து திரும்பும் வழியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைக் கடக்கும்போது வேனை நிறுத்தச் சொல்ல வேண்டும். மின்சாரத்துக்காக 1960களில் கட்டிய அணை இது. பழைய மஸ்கெலியா நகரம் இந்த நீருக்குள்ளேதான் இருக்கிறது. மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பழைய இந்துக் கோயிலின் கற்கட்டு சேற்றிலிருந்து தலை தூக்கும். அதனுடன் பௌத்த, முஸ்லிம் வழிபாட்டிடங்களின் எச்சங்களும் தெரியும். அந்த நாட்களில் சுற்றுத் தோட்டங்களிலிருந்து சனம் வந்து, வெடித்த சேற்று நிலத்தில் நடந்துபோய்க் கற்பூரம் ஏற்றும். பாலியில் நீரின் மேல் நிற்கும் கோயிலைப் பார்க்க உலகமே போகிறது. மஸ்கெலியாவின் கோயில் நீருக்குள் நிற்கிறது. அதைக் காட்டும் சுற்றுலாக் கையேடு அரிது.

ஹட்டனைத் தாண்டி நுவரெலியா வீதியில் போகும்போது பயணிகள் கவனிக்காத ஒரு மாற்றம் நடக்கிறது. மஸ்கெலியாப் பக்கம் பெய்த மழை களனி ஆறாகி மேற்கே கொழும்பில் கடல் சேர்கிறது. தலவாக்கலைப் பக்கம் பெய்யும் மழை கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியாகிக் கிழக்கே போகிறது. அரை மணி நேர ஓட்டத்தில் வேன் ஒரு கடலின் கூரையிலிருந்து இன்னொரு கடலின் கூரைக்கு மாறிவிடுகிறது.

தலவாக்கலைக்கு முன்னால், வீதியோரம் நின்றே பார்க்கக்கூடிய இரண்டு அருவிகள். டெவன் 97 மீட்டர் உயரம், ஒல்லியானது. சென்கிளேயர் 80 மீட்டர் உயரம்தான், ஆனால் அகலத்தில் இலங்கையிலேயே பெரியது. பாறையில் வெள்ளைச் சீலை விரித்ததுபோல் இறங்கும். இறங்கிய காலம் என்றும் சொல்லலாம். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் தலவாக்கலையில் ஆற்றை மறித்து, நீரைச் சுமார் 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டது. 150 மெகாவாட் மின்சாரம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்மாறின. ஐந்து அருவிகளின் நீரையும் எடுப்பதாக இருந்த முதல் திட்டத்துக்கு மலையகத்திலும் சூழலியலாளர்களிடமும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் கைவைத்தது சென்கிளேயரில் மட்டும். அருவி அடியோடு காணாமல் போகக் கூடாது என்பதற்காகப் பகலில் குறித்த நேரம் மட்டும் நீரைத் திறந்துவிடும் ஏற்பாடு வந்தது. ஆகவே சென்கிளேயரை உச்சிவேளைக்கு முன்னே பின்னே பார்ப்பது நல்லது. மாலை மங்கிய பிறகு போனால் பாறை மட்டும் நிற்கும். நேரம் பார்த்துக் கொட்டும் அருவி சோகமான காட்சிதான். அதற்கு எதிரே எரியும் கடை விளக்குகளின் மின்சாரமும் எங்கிருந்தோ வர வேண்டும் என்பதும் உண்மைதான்.

நுவரெலியாவைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரளவில் சீதாஎலிய. ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில். இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுவென்பது நம்பிக்கை. ஓடைப் பாறையில் உள்ள குழிகளை அனுமனின் காலடி என்று காட்டுகிறார்கள். 2024 மே மாதம் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதியிலிருந்து நீர் வந்தது. இந்தியாவிலிருந்து வரும் இராமாயணச் சுற்றுலாக்காரர்களுக்கு இது முதன்மையான இடம்; அவர்கள் கண்டி வீதியில் றம்பொடைக்கும் போய், 109 மீட்டர் உயர அருவியையும் சின்மயா மிஷன் எழுப்பிய அனுமன் கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆனாலும் மலையகத்தின் கோயில் எது என்று தோட்டத்து மனிதர்களைக் கேட்டால் இந்த இரண்டையும் முதலில் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் லயங்களுக்குப் பக்கத்தில், கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து வைத்த மாரியம்மன் இருக்கிறாள். அவளுக்குத் திருவிழா என்றால் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு போட்டு வருகிறார்கள். சுற்றுலா வேன்கள் அங்கே நிற்பதில்லை. நிற்காததும் ஒரு வகையில் நல்லதுதான்.

ஆக, உதயம், அருவி, கோயில் மூன்றும் ஒரு பகலுக்குள் அடங்கிவிட்டன. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. யாத்திரைக் காலத்தின் நடுவில், ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் வானம் தெளிவாக இருக்கும். உதயம் அழகாகத் தெரியும். ஆனால் அருவிகள் மெலிந்திருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்துப் பெய்யும்போது அருவிகள் பொங்கும். மலையில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, உச்சியை மேகம் மூடியிருக்கும். கடலுக்கும் இதே கணக்கு. கற்பிட்டிக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதி. அதற்குப் பிறகு கொந்தளிப்பு. அப்போது திருகோணமலைக் கடல் குளம்போல் கிடக்கும். எல்லாக் கணக்கும் ஓரளவுக்கு ஒத்துவரும் மாதம் ஏப்ரல். மலை யாத்திரை முடியவில்லை. பிற்பகல் இடிமழை அருவிகளுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கும். கிழக்குக் கடல் அடங்கத் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான்.

கிழக்குக் கரைக்குப் போவதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. சென்கிளேயரில் பார்த்த நீர் கொத்மலை நீர்த்தேக்கத்தில் தங்கி, மகாவலியில் கலந்து, கண்டியைச் சுற்றி, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணை அணையாகக் கடந்துபோகிறது. வழியில் வயல்களுக்குப் பிரிந்ததுபோக மிஞ்சியது திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. 335 கிலோமீட்டர் நீளமுள்ள மகாவலி இலங்கையின் மிக நீண்ட ஆறு. அது சேரும் இடத்தில் கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் கரையை ஒட்டி வருவதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம்.

இங்கும் கற்பிட்டியிலும் அதிகம் தென்படுவது சுழலும் ஓங்கில். நீரிலிருந்து எம்பி, விழுவதற்குள் உடலைப் பம்பரமாகச் சுற்றிவிடும். நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும் நாட்களும் உண்டு. இவற்றைக் காலையிலேயே பார்க்கப் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஆழ்கடலிலிருந்து இரவில் மேலே எழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் இவை இரவு முழுக்க வேட்டையாடுகின்றன. விடிந்ததும் ஓய்வெடுக்கத் தொடங்குகின்றன. அதாவது, சுற்றுலாப் படகு போய்ப் பார்ப்பது இராவேலை முடித்துவிட்டு வருபவர்களை. பத்துப் படகு சூழ்ந்து விரட்டினால் அவற்றுக்கு உறக்கம் கெடும். ஹவாயில் இதற்காகவே 2021இல் கரையோரக் கடலில் சுழலும் ஓங்கில்களை 50 கஜத்துக்குள் நெருங்கத் தடை வந்தது. நல்ல படகோட்டி கூட்டத்தின் முன்னால் போய் மறிக்க மாட்டார்; பக்கவாட்டில் மெதுவாகப் போய் எஞ்சினைத் தணித்துக் காத்திருப்பார். விருப்பமிருந்தால் ஓங்கில்களே படகின் மூக்குக்கு முன்னால் வந்து நீந்தும். படகு பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். நடுக்கடலில் சொல்லிப் பயனில்லை.

கரைக்கு வந்தால் சுவாமி மலையில் கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். 1624இல் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களை 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் நீருக்கடியில் கண்டார்கள்.

எனவே ஹட்டன் ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு மூன்று நாள், இரண்டு இரவு. முதல் இரவு மலை. மறுநாள் அருவியும் கோயிலும். அன்றிரவே கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. விடிந்ததும் படகு; காற்று கிளம்புவதற்குள் கரை. வேனுக்குள் பின்சீட்டில் சோற்றுப் பார்சல்கள், நனைந்த கம்பளிக் குல்லாய்கள், மலையில் ஏறியதால் இன்னும் கால் நீட்ட முடியாத பெரியவர்கள். எல்லாரும் படகில் ஏறிப் போன பிறகு ஓட்டுநர் மட்டும் கரையில் நிற்கிறார். கடலைச் சற்று நேரம் பார்க்கிறார். பிறகு வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, சாரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறார். ஹபரணைக் காட்டுப் பாதையில் எந்த வளைவில் யானை நிற்குமோ என்று இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வந்தவர் அவர்.