நகை வீட்டுக்குப் போன பிறகு

நகையை எடை போட்டு, பில் எழுதி, பெட்டியில் வைத்துக் கொடுத்ததோடு வியாபாரம் முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது அன்றுதான் தொடங்குகிறது. அந்த நகை இருபது முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தில் இருக்கும். ஒரு நாள் மாற்றுவதற்கோ, பழுது பார்ப்பதற்கோ, அடகுக்கோ வெளியே வரும். அன்று எடை குறைந்திருந்தாலும், கல் மங்கியிருந்தாலும், நிறம் மாறியிருந்தாலும், "எந்தக் கடையில் வாங்கினது?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் நடந்த கவனக்குறைவுக்குப் பெயர் கெடுவது கடைக்குத்தான்.

நாங்கள் மொத்த வியாபாரத்தில் இருப்பதால், பல ஊர்க் கடைகளிலிருந்து திரும்பி வரும் நகைகளைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. புகாரோடு வருபவற்றில் கணிசமானவை செய்முறைக் குறையால் கெட்டவை அல்ல. கழுவியதிலும், வைத்ததிலும், தெரியாதவர் கையில் கொடுத்ததிலும் கெட்டவை. விற்கும்போது ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். நகைக்கடை அல்லாத வணிகர்களுக்கும் இது பயன்படும். எந்தக் கடை வைத்திருந்தாலும் வீட்டில் நகை உண்டல்லவா?

தெருவில் வரும் மெருகுக்காரர்

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு இதில்தான். "பாத்திரம், கொலுசு, நகை பாலீஷ்" என்று வீட்டு வாசலுக்கு இருவராக வருவார்கள். முதலில் ஒரு பித்தளை விளக்கைத் துலக்கிக் காட்டுவார்கள். பிறகு வெள்ளிக் கொலுசு. அது பளிச்சென்று ஆனதும் வீட்டுப் பெண்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் கொண்டுவரும் திரவம் ராஜதிராவகமாக இருக்கலாம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த கலவை அது. தனித்தனியாக இந்த இரண்டு அமிலமும் தங்கத்தைக் கரைக்காது, சேர்ந்தால் கரைக்கும். கரைந்த தங்கம் திரவத்திலேயே அவர்களோடு போய்விடும். பிறகு அதைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். சங்கிலியை மஞ்சள்தூளோடு டப்பாவில் போட்டு, "அரை மணி கழித்துத் திறங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதும் உண்டு.

ஐந்து பவுன் சங்கிலி 40 கிராம். அதில் இரண்டு கிராம் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. முன்னைவிடப் பளபளப்பாகக்கூட இருக்கும். தராசுக்கு மட்டும்தான் தெரியும். ஆண்டுகள் கழித்து அந்தச் சங்கிலி கடைக்கு வந்து 38 கிராம் காட்டினால், வாடிக்கையாளருக்கு மெருகுக்காரர் நினைவுக்கு வரமாட்டார். "அன்றைக்கே எடையில் ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் தோன்றும்.

ஆகவே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய முதல் சொல்: வாசலில் வருபவரிடம் நகையைக் கொடுக்காதீர்கள். நாம் கடைப்பிடிக்க வேண்டிய முதல் ஒழுங்கு: மெருகுக்கு வரும் நகையை வாடிக்கையாளர் கண்ணெதிரே எடை போட்டு, சீட்டில் எழுதி வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போதும் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுப்பது. இயந்திரத்தில் மெருகு போட்டாலும் சிறிதளவு தங்கம் தேயத்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சந்தேகம் எழாது. அடிக்கடி மெருகு போட்டால் ஹால்மார்க் முத்திரையும் தேய்ந்து மங்கும்.

வீட்டில் கழுவும் முறை

கல் இல்லாத 22 காரட் நகைக்குப் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்த பூந்திக்கொட்டைச் சாறோ, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு மூன்று சொட்டோ போதும். கால் மணி நேரம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான மிருதுவான பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். அலசுவதைக் கிண்ணத்தில் செய்ய வேண்டும். குழாயடியில் அலசினால் திருகாணி சாக்கடையில் போய்விடும்.

பற்பசை, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பொடி மூன்றும் கூடாது. தங்கம் பல்லைவிட மென்மையானது. பல்லைத் தேய்ப்பதற்காகச் சேர்த்த துகள் தங்கத்தில் நுண்கீறல்களை உண்டாக்கும். கீறல் கூடக் கூட மினுமினுப்பு குறையும்.

பிளீச்சிங் பவுடரும் குளோரின் கலந்த நீரும் தங்கத்தோடு கலந்த உலோகங்களைத் தாக்கும். 916 தங்கத்தில் பிற உலோகம் நூற்றுக்கு எட்டு பங்கு சொச்சம்தான். 18 காரட்டில் அது கால் பங்கு. ஆகவே 18 காரட், 14 காரட் நகைகளிலும் வெள்ளைத் தங்கத்திலும் பாதிப்பு அதிகம்; மெல்லிய கல் பிடிகள் நாளடைவில் விரிசல் விட்டு ஒடியும். குளியலறை கழுவும்போதும், நீச்சல் குளத்துக்குப் போகும்போதும் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும்.

வெள்ளைத் தங்கம் விற்கும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் வெண்மைப் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசிய ரோடியத்தால் வருவது. தினமும் அணிந்தால் பூச்சு தேய்ந்து மஞ்சள் தட்டும். அது கலப்படம் அல்ல, மறுபடி பூசிக்கொள்ளலாம். விற்கும்போதே சொன்னால் அது விவரம். புகார் வந்த பிறகு சொன்னால் சமாதானம்.

பாதரசம்

"மோதிரம் திடீரென்று வெளுத்துவிட்டது, உள்ளே வெள்ளிதான் போலிருக்கிறது" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. தங்கத்தில் பாதரசம் பட்டால் இரண்டும் கலந்து வெள்ளையாகிவிடும். உடைந்த தெர்மாமீட்டரின் ஒரு துளி போதும். பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களும் காரணமாகலாம். இப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். எனவே மோதிரம் வெளுத்தால் "என்ன க்ரீம் பூசுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது அவர்கள் உடல்நலத்துக்கும் நல்லது.

வெளுத்த நகையை வீட்டு அடுப்பில் காட்டக்கூடாது. பாதரசம் ஆவியாகி மூச்சில் கலந்தால் விஷம். மற்ற நகைகளோடு சேர்த்து வைக்கவும் கூடாது. தனியே ஒரு பொட்டலத்தில் கொண்டுவரச் சொல்லி, புகைபோக்கி வசதி உள்ள பட்டறையில்தான் சரி செய்ய வேண்டும்.

கல் நகைகள்

கல் நகை எல்லாவற்றுக்கும் ஒரே முறை பொருந்தாது. எது எதற்கு ஆகாது என்பதைத்தான் நாம் சொல்ல வேண்டும்.

வைரத்துக்கு எண்ணெய்ப் பசை ஒட்டும் குணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில், கொழுப்புத் தடவிய மேசைமேல் மண்ணையும் நீரையும் ஓடவிட்டுத்தான் வைரத்தைப் பிரித்தார்கள். மற்றவை நீரோடு போகும், வைரம் ஒட்டிக்கொள்ளும். அதே குணத்தால்தான் எண்ணெய் முழுக்குக்குப் பிறகு வைரத்தோடு ஒளி இழந்து நிற்கிறது. வைரம் கெட்டுவிடவில்லை, பின்பக்கம் பசை படிந்திருக்கிறது. பின்பக்கம் திறந்த கட்டடமானால், சோப்புத் தண்ணீரும் மிருதுவான துலக்கியும் போதும்.

வடசேரி கெம்பு நகை போன்ற மூடிய கட்டடங்களின் கதை வேறு. கல்லுக்கு அடியில் மினுக்குத் தகடும் அரக்கும் இருக்கும். வெந்நீரில் போட்டால் அரக்கு இளகிக் கல் உதிரும். தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துக் கல் மங்கும். பிரித்துக் கட்டினால் ஒழிய அது திரும்பாது. இவற்றை ஊறவைக்கவே கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அரக்கு நிரப்பிய வளையல், கழுத்தணிகளை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது.

முத்தும் பவழமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் படக்கூடாது. சென்ட்டும் வியர்வையும்கூட முத்தின் மேல்தோலை அரிக்கும். அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து வைப்பது நல்ல பழக்கம். அடிக்கடி அணியும் முத்து மாலையை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கோக்க வேண்டும்.

மரகதத்தின் வெடிப்புகளை மறைக்க எண்ணெய் ஏற்றுவது நெடுங்கால வழக்கம். சூடும், அதிர்வொலி இயந்திரமும் அந்த எண்ணெயை வெளியேற்றி வெடிப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, கடைப்பையன்கள் எல்லா நகையையும் அந்த இயந்திரத்தில் போடுகிறார்கள். மரகதம், முத்து, பவழம், கெம்பு இவற்றுக்கு அது ஆகாது என்று இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டி வைக்கலாம்.

வெள்ளி

கொலுசு கறுத்தால் மட்ட வெள்ளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுத்த வெள்ளியும் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களே காரணம். முட்டை, வெங்காயம், ரப்பர், கம்பளி இவற்றிலும் கந்தகம் உண்டு. வெள்ளிச் சாமான்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் பேண்டு இருந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுவது இதனால்தான். துடைத்து உலர்த்தி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் தனித்தனியே வைத்தால் நெடுநாள் வெளுப்பாக இருக்கும்.

வைக்கும் முறை

எல்லா நகையையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பது நம் வீடுகளில் சகஜம். வைரம் எல்லாவற்றையும் கீறும். மற்ற கற்கள் தங்கத்தையும் முத்தையும் கீறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை வேண்டும். ரோஸ் தாளில் மடித்துக் கொடுப்பது நம் தொழிலின் பழைய வழக்கம். ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். முத்துக்கு அது வேண்டாம்.

தினமும் அணியும் நகையைத் தேய்மானம் தின்னும். தாலிக்கொடியில் உருக்கள் உராயும் இடம், சங்கிலியின் கொக்கி வளையம், ஜிமிக்கி தொங்கும் வளையம் இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை கடையில் காட்டச் சொல்லுங்கள். சிறு செலவில் வளையத்தை மாற்றிவிட்டால், அறுந்து தொலைவதிலிருந்து மொத்த நகையும் தப்பும்.

வங்கி லாக்கரில் வைத்தால் பொறுப்பு முழுவதும் வங்கியுடையது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுனுக்குக் காணும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மீதிக்குத் தனியே காப்பீடுதான் வழி.

காப்பீட்டுக்கும் போலீஸ் புகாருக்கும் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் பில், எடை, புகைப்படம் மூன்றையும் நகையோடு வைக்காமல் வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். 2021க்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு நகையின் தரத்தைச் சரிபார்க்கவும் முடியும்.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. மேலே சொன்னவற்றை அரைப் பக்கத் துண்டுத்தாளாகத் தமிழில் அச்சடித்து நகைப் பெட்டியில் வைத்துவிடலாம். தங்கம், வைரம், கெம்பு, முத்து, வெள்ளி என்று தனித்தனித் தாளாக இருந்தால் இன்னும் நல்லது. கல்லாவில் இருப்பவரும் விற்பனைப் பையன்களும் அதை முதலில் படித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகச் சுத்தம் செய்து, எடை போட்டு, தேய்மானம் பார்த்துத் தருவதாக அறிவித்தால், விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட அதிகமாகவே அது வாடிக்கையாளரைக் கொண்டுவரும்.

ஒரு குடும்பம் பல ஆண்டுச் சேமிப்பை நம் கையில் கொடுத்து நகையாக வாங்கிப் போகிறது. மகளின் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அது திரும்பத் தேவைப்படும் நாளில், கொடுத்த எடையும் தரமும் அப்படியே இருக்க வேண்டும். அப்படி இருப்பதற்கு வழி சொல்லி அனுப்புவதும் நம் வியாபாரத்தைச் சேர்ந்ததுதான்.